கண்ணுக்குத் தெரியாத அசுத்தம்

மலத்தைக் கொண்டு வைத்தியமா? இப்படி ஒருவர் சொன்னால் நம்மில் பலர் முகத்தைச் சுளிப்போம். உடலும் உடையும் தொழும் இடமும் துப்புரவாக இருக்க வேண்டுமென்று சிறு வயது முதல் பழகி வந்த நமக்கு, அந்தச் சொல்லே கூச்சத்தைத் தரும். ஆயினும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இது உயிர் காக்கும் சிகிச்சையாக நடந்து வருகிறது. அதில் கொடையாளரை எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதை அறிந்து கொண்டால், சுத்தம் பற்றியும் உண்மை பற்றியும் நமக்கு நல்லதொரு பாடம் கிடைக்கும்.

சிகிச்சை எதற்கு?

நமது குடலில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நமக்கு நன்மை செய்பவை. கடுமையான ஆன்டிபயாடிக் மருந்துகளை உண்ணும்போது, நோய்க் கிருமிகளோடு இந்த நல்ல உயிர்களும் மடிந்து விடுகின்றன. அப்படிக் காலியான இடத்தில் ‘குளோஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசீல்’ என்னும் பாக்டீரியா பெருகி விடுவதுண்டு. ஓயாத வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குடல் வீக்கம் என்று அது ஆளையே உருக்கிவிடும். முதியவர்களின் உயிரையும் பறிக்கும். மருந்து கொடுத்தால் அடங்கும். நிறுத்தினால் சிலருக்கு மீண்டும் மீண்டும் தலைதூக்கும்.

அமெரிக்காவின் டென்வர் நகரில் பென் ஐஸ்மன் என்ற அறுவை மருத்துவரும் அவருடைய தோழர்களும், கடுமையான குடல் அழற்சியால் அவதிப்பட்ட 4 பேருக்கு ஆரோக்கியமானவர்களின் மலக் கரைசலைக் குடலில் செலுத்தினார்கள். நால்வரும் பிழைத்தனர். இதை அவர்கள் 1958-ல் வெளியிட்டார்கள். 2013-ல் வெளியான நெதர்லாந்து ஆராய்ச்சியில், இச்சிகிச்சை பெற்ற 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமடைந்தனர். வான்கோமைசின் மருந்து மட்டும் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர் 4 பேரே.

நஜீஸ் ஆயிற்றே!

இந்தக் கேள்வி நம் உள்ளத்தில் எழுவது இயல்பு. நஜீஸான பொருளைக் கொண்டு வைத்தியம் செய்வது பற்றி நமது இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விரிவாகப் பேசியிருக்கிறார்கள். சுத்தமான மாற்று மருந்து இல்லாமல், விஷயமறிந்த நம்பிக்கையான மருத்துவர் இதுவே வழி என்று சொல்லும்போது, ஷாபிஈ மத்ஹபில் அதற்கு இடமுண்டு. ஹனபி மத்ஹபின் பிற்கால அறிஞர்கள் பலரும், வேறு மருந்து இல்லை, இதில் குணமுண்டு என்று தெரியவரும் நிலையில் அனுமதித்திருக்கிறார்கள். தேவைப்படுவோர் தங்கள் நிலையை எடுத்துச் சொல்லி, மார்க்கம் கற்ற ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும். நாம் இங்கே சொல்ல வந்தது அதற்கு அடுத்த விஷயம்.

கண்ணுக்குத் தெரியும் அசுத்தத்தைக் கண்டு அருவருக்கிறோம். ஆனால் நோயாளிக்கு ஆபத்து அந்த நிறத்திலும் நாற்றத்திலும் இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் அதற்குள் இருக்கும் வைரஸிலும் பாக்டீரியாவிலும்தான் இருக்கிறது.

என்ன ஆபத்து?

2019 ஜூன் மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. நோய் எதிர்ப்பு வலிமை குன்றிய இருவருக்கு ஒரே கொடையாளரின் மலம் கொடுக்கப்பட்டது. பல மருந்துகளுக்கும் கட்டுப்படாத ஒருவகை ஈ. கோலை பாக்டீரியா அதில் இருந்தது. இருவரும் நோயுற்றனர், ஒருவர் இறந்து போனார். கொடையாளரின் மலத்தை அந்தக் கிருமிக்காக முன்கூட்டிச் சோதிக்கவில்லை.

இதைப் போலவே வைரஸ்களும் பரவ முடியும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் வைரஸ்கள், எய்ட்ஸ் நோயைத் தரும் எச்.ஐ.வி. ஆகியவற்றுக்காகக் கொடையாளரின் இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோ வைரஸ், ரோட்டா வைரஸ் போன்றவற்றுக்காக மலத்தையே சோதிக்கிறார்கள். நோரோ வைரஸ் கண்டவர் குணமாகி நடமாடத் தொடங்கிய பிறகும், பல நாட்கள் அவருடைய மலத்தில் அது வெளியேறிக் கொண்டே இருக்கும். ஆகவே, ‘எனக்கு இப்போது ஒன்றுமில்லையே’ என்ற சொல் போதாது.

கொதிக்க வைத்துக் கொல்லக் கூடாதா என்று கேட்கலாம். கொதிக்க வைத்தால் நோயாளிக்குத் தேவையான நல்ல உயிர்களும் மடிந்து போகும். உறைய வைத்தால் வைரஸ் சாவதில்லை. பத்திரமாக இருந்து கொள்ளும். ஆகவே சோதனையைத் தவிர வேறு வழியில்லை.

இரண்டு முறை சோதனை ஏன்?

எச்.ஐ.வி. போன்ற கிருமி உடலில் நுழைந்த அன்றே சோதனையில் பிடிபடாது. அது தென்படச் சில வாரங்கள் ஆகலாம். இடைப்பட்ட நாட்களில் சோதித்தால் ‘இல்லை’ என்றே பதில் வரும். ஆனால் கிருமி உள்ளே இருக்கும். இதற்காகவே, 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ‘ஓப்பன் பயோம்’ என்ற மல வங்கி ஒரு முறையைக் கையாண்டது. கொடை தொடங்கும் முன் ஒரு சோதனை. சுமார் 60 நாட்கள் கழித்து மறு சோதனை. இரண்டிலும் தேறினால்தான், இடையில் சேர்த்து வைத்தது வெளியே போகும். அங்கே கொடை தர முன்வந்தவர்களில் தேறியவர்கள் நூற்றுக்கு மூவர் அளவே!

இவ்வளவு செய்தும் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. தேடிய கிருமியைத்தான் அது காட்டும், தேடாததைக் காட்டாது. 2020-ல் கொரோனா பரவியபோது அந்த வைரஸின் அடையாளம் மலத்திலும் காணப்பட்டது. உடனே, 2019 டிசம்பர் 1-ந் தேதிக்குப் பின் பெறப்பட்ட கொடைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்று அதே நிர்வாகம் அறிவித்தது. 2022-ல் குரங்கம்மை பரவியபோதும் இவ்வாறே எச்சரித்தது. புதிய நோய் வரும்போதெல்லாம் புதிய கேள்வியும் சேருகிறது.

முதல் சோதனை நாவில்

ஆகவே இரத்தத்தைத் தொடும் முன்பே கொடையாளரிடம் நீண்ட கேள்விப் பட்டியலைக் கொடுக்கிறார்கள். அண்மையில் என்ன நோய் கண்டது, என்ன மருந்து உண்டார், எந்த ஊருக்குப் போய் வந்தார், போதை ஊசி பழக்கம் உண்டா, தகாத உறவு உண்டா என்றெல்லாம் கேட்கிறார்கள். சோதனைக் கூடம் காட்டாத இடத்தை அவருடைய உண்மைச் சொல்தான் காட்ட வேண்டும்.

இங்கேதான் குடும்பங்களில் ஒரு சிக்கல் எழுகிறது. நோயுற்ற தாய்க்குக் கொடுக்க மகனே முன்வருகிறான் என்று வைத்துக் கொள்வோம். ‘பெற்ற பிள்ளைதானே, அவனைச் சோதிப்பதா?’ என்று உறவினர் சொல்வர். ஆனால் வாப்பாவும் உம்மாவும் பார்த்திருக்க, அந்த வாலிபன் தன் தவறை எப்படி வாய் திறந்து சொல்வான்? வெட்கத்தால் ‘இல்லை’ என்று தலையசைத்து விட்டால், அன்போடு கொடுத்ததே பெற்ற தாய்க்கு நஞ்சாகி விடலாம்.

பிறர் குறையைத் துருவித் துருவி ஆராய்வதை நமது மார்க்கம் தடுக்கிறது. அதே சமயம், அடுத்தவருக்குத் தீங்கு செய்வதையும் அது தடுக்கிறது. இரண்டையும் பேணும் வழி உண்டு. மருத்துவர் தனியறையில் கேட்கட்டும். கொடையாளர் அவரிடம் உண்மையைச் சொல்லட்டும். சொல்ல மனமில்லையென்றால், ‘என்னால் இயலாது’ என்று ஒதுங்கிக் கொள்ளட்டும். காரணம் என்னவென்று வீட்டார் கேட்க வேண்டாம். மறைப்பதற்கு அவருக்கு உரிமையுண்டு. ஆனால் மறைத்துக் கொண்டே கொடுப்பதற்கு உரிமையில்லை. அது அமானிதத்திற்குத் துரோகமாகும்.

நாம் நினைவில் கொள்ள வேண்டியவை:

1. இச்சிகிச்சையை வீட்டில் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது. சொந்த பந்தம் என்பது சோதனைக்கு ஈடாகாது.

2. கொடையாளருக்கு நடந்த சோதனைகள் எவை, மறு சோதனை முடிந்ததா என்று மருத்துவரிடம் கேட்பது நம் உரிமை.

3. ஆன்டிபயாடிக் மருந்தை மருத்துவர் சொல்லாமல் உண்ண வேண்டாம். இந்நோய்க்குப் பெரும்பாலும் வாசல் திறப்பதே அதுதான்.

4. இரத்த தானமானாலும் வேறு எந்தக் கொடையானாலும், கேட்கப்படும் கேள்விகளுக்கு மறைக்காமல் பதில் சொல்வோம்.

வெளியே தெரியும் அழுக்கைத் தண்ணீர் கழுவிவிடும். உள்ளே மறைந்திருப்பதை அறிய சோதனையும் வேண்டும், உண்மையான நாவும் வேண்டும். அல்லாஹ் நம் உடலுக்கு ஆரோக்கியத்தையும், நம் சொல்லுக்கு வாய்மையையும் தந்தருள்வானாக. ஆமீன்.