பட்டமா, படிப்பா?

கேள்வி: அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகள் கல்லூரிக்குப் போக முடியுமா? எந்த நாட்டிலாவது நடக்கிறதா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: நடக்கிறது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 1987-லேயே இவர்களுக்குக் கதவைத் திறந்தது. பெற்றோர்கள் விடாமல் கேட்டதன் பலன் அது.

அமெரிக்காவில் 2008-இல் வந்த உயர்கல்விச் சட்டம் பெரிய திருப்பம். பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லாவிட்டாலும், அங்கீகாரம் பெற்ற திட்டங்களில் சேரும் இந்த மாணவர்களுக்கு மத்திய அரசின் பெல் உதவித்தொகை கிடைக்க அது வழிசெய்தது. இன்று அங்கே 300-க்கும் மேற்பட்ட கல்லூரித் திட்டங்கள் உள்ளன.

வகுப்பு எப்படி நடக்கும்? வரலாற்று வகுப்பில் மற்றவர்கள் பத்துப் பக்கக் கட்டுரை எழுதும்போது, இந்த மாணவர் அதே பாடத்தைப் படங்களோடு ஐந்து நிமிடம் பேசிக் காட்டலாம். பக்கத்தில் அமரும் சக மாணவர் குறிப்பெடுக்க உதவுவார். மதியம் கல்லூரி நூலகத்திலோ உணவகத்திலோ வேலைப் பயிற்சி. தனியாகப் பேருந்து ஏறுவதும், கையில் உள்ள பணத்துக்குக் கணக்கு வைப்பதும்கூடப் பாடம்தான். பெற்றோர் பெரிதும் அஞ்சுவது இந்த இடத்தில்தான். பிள்ளைகள் அதிகம் வளர்வதும் இங்கேதான்.

பெரும்பாலும் கிடைப்பது பட்டம் அல்ல, சான்றிதழ். ஆனால் பட்டம் எட்டாக்கனி என்று சொல்லிவிடவும் முடியாது. டவுன் சின்ட்ரோமுடன் பிறந்த ஸ்பெயின்காரர் பாப்லோ பினேதா பல்கலைக்கழகப் பட்டமே பெற்றார். 2009-இல் சான் செபாஸ்டியன் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதும் அவருக்குத்தான்.