கடைக்கு பில்லிங் மென்பொருள்: வாங்கும் முன் 3 சோதனைகள்

சோளிங்கரில் என் சித்தப்பாவுக்குச் செருப்புக் கடை இருக்கிறது. மலைக்கோயிலுக்குக் கூட்டம் குவியும் கார்த்திகை ஞாயிறு ஒன்றில் இணைய இணைப்பு போய்விட்டது. பில்லிங் மென்பொருளும் நின்றுவிட்டது. அன்று முழுக்க அவர் கையால்தான் பில் எழுதினார். சரி, மென்பொருளை மாற்றிவிடலாம் என்றால், சரக்குப் பட்டியலை வெளியே எடுக்க வழியில்லை. அத்தனையையும் மறுபடி டைப் செய்தோம்.

உங்களுக்கு இந்தச் சிரமம் வேண்டாம். தெர்மல் பிரிண்டர், பார்கோடு ஸ்கேனர் போன்றவற்றைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். மென்பொருளை மாற்றுவதுதான் கடினம். எனவே பணம் கொடுக்கும் முன் டெமோவில் நீங்களே இவற்றைச் செய்து பாருங்கள்.

1. இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு பில் போடுங்கள். பிரிண்ட் வர வேண்டும். இணைப்பு திரும்பியதும் அந்த பில் கணக்கில் ஏறியிருக்கிறதா, சரக்கு இருப்பு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2. வரி விகிதத்தை மாற்றிப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜோடி 2500 ரூபாய் வரையுள்ள காலணிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். முன்பு அந்த எல்லை 1000 ரூபாய், வரி 12 சதவீதம். இப்படி மாறும்போது நீங்களே திருத்த முடியுமா? விலைக்கேற்ற வரியை மென்பொருள் தானாகப் போடுகிறதா?

3. சரக்கு, பாக்கி, பில் விவரங்களை எக்செல் கோப்பாகப் பென்டிரைவில் எடுத்து, வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.

இவற்றில் ஒன்று முடியாவிட்டாலும் அந்த மென்பொருள் வேண்டாம். வாங்கிய பின், தினமும் கடை மூடும் முன் பேக்கப் எடுங்கள். அந்தப் பென்டிரைவைக் கடையில் வைக்காமல் வீட்டுக்கு எடுத்துச் செல்லுங்கள்.