பல் பதித்த பின் உண்ணும் முறை

விழுந்த பல்லுக்கு மாற்றாகத் தாடை எலும்பிலேயே உலோக வேர் ஒன்றைப் பதித்து, அதன்மேல் பல் கட்டும் சிகிச்சையை நம் ஊர்களிலிருந்தும் சிலர் நகரத்திற்குச் சென்று செய்துகொள்கின்றனர். இதனை இம்பிளாண்ட் என்பர். ஸ்வீடன் நாட்டு அறிஞர் பிரேனிமார்க், 1952-ஆம் ஆண்டில் முயலின் எலும்பினுள் வைத்த டைட்டேனியம் கருவி, எலும்போடு ஒன்றிப் பிடித்துக்கொண்டு வெளியே எடுக்க வராததைக் கண்டார். 1965-ல் முதன்முதலாக மனிதர் ஒருவருக்கு அவ்வுலோகத்தாலான வேரைப் பதித்தார். இன்றைய சிகிச்சைக்கு அதுவே அடிப்படையாகும்.

பதித்த அன்றே அவ்வேர் எலும்போடு ஒன்றிவிடுவதில்லை. கீழ்த் தாடையில் ஏறத்தாழ 3 மாதமும், மேல் தாடையில் 6 மாதம் வரையிலும் ஆகலாம். நட்ட நாற்றை வேர் பிடிக்குமுன் அசைத்தால் என்னாகும் என்பதை உழவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆகவே கடினமான பொருளைக் கடிக்கலாகாது என்று மருத்துவர் கூறுவதை யாவரும் ஏற்றுக்கொள்கின்றனர். ஆயினும், கடிக்காமல் உண்ணும் உணவிலும் சத்து குறையாதிருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

நம் வீடுகளில் வாயில் புண் என்றவுடனே நொய்க்கஞ்சிதான். போதாக்குறைக்கு, பருப்பும் முட்டையும் மீனும் உண்டால் சீழ் வைக்கும் என்று பெரியோர் தடுத்துவிடுகின்றனர். இதற்கு ஆதாரம் இல்லை. சீழ் வைப்பது கிருமியால், பருப்பால் அன்று. புதிய சதையும் எலும்பும் உண்டாவதற்குப் புரதமே முதற்பொருள்; அதன்மேல்தான் சுண்ணாம்புச் சத்து படிகின்றது. சேமித்த பணத்தைச் செலவிட்டுச் சிகிச்சை பெற்றவரை, புண் ஆற வேண்டிய நாட்களிலேயே பட்டினி போடுவது எவ்வகையிலும் பொருந்தாது. முதியவராயின் அவர் உடல் மெலிவதும் விரைவில் நேரும்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் தேவை. 60 கிராம் பயற்றம்பருப்பைக் குழைய வேகவைத்தால் 14 கிராம் கிடைக்கும். இரண்டு முட்டையில் 12 கிராம். அரை லிட்டர் பாலிலோ தயிரிலோ 16 கிராம் அளவு உண்டு. எஞ்சியது சோற்றிலும் கூழிலும் வந்துவிடும். முட்டை உண்ணாதார் பருப்பையும் தயிரையும் கூட்டிக்கொள்ளலாம். சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் புரதத்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். கேழ்வரகின் சிறப்பு தனி: 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் பச்சை வெங்காயத்தையும் மிளகாயையும் மட்டும் சில நாள் ஒதுக்கிவைத்தல் வேண்டும்.

முதல் நாளில், மரத்துப்போன உணர்வு நீங்கும்வரை எதையும் மெல்லலாகாது. நாக்கையோ உதட்டையோ கடித்துக்கொள்ள நேரும். அதன்பின் ஆறிய கஞ்சி, பால், மோர் அருந்தலாம். சூடான காப்பி கூடாது. குழல் வைத்து உறிஞ்சுவதும் காறி உமிழ்வதும், புண்ணை மூடியிருக்கும் இரத்தக் கட்டியைப் பெயர்த்துவிடும். இளநீர் நல்லதே, எனினும் தம்ளரில் ஊற்றிப் பருக வேண்டும். மறுநாள் முதல் உணவுக்குப் பின் வெதுவெதுப்பான உப்பு நீரால் மென்மையாக வாய் அலசலாம்.

அடுத்த ஒரு வாரத்திற்குக் குழைந்த பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, சாம்பாரில் ஊறிய இட்லி, கீரை மசியல், முள் நீக்கிய மீன், பிசைந்த வாழைப்பழம், பப்பாளி ஆகியவை ஏற்றவை. தாளித்த கடுகும், மிளகும், எள்ளும் புண்ணுக்குள் சென்று தங்கும். இவற்றைத் தவிர்ப்பது நலம். தையல் பிரித்தபின், மருத்துவர் சொன்னபடி, மறுபக்கத்தால் மென்று வழக்கமான சோற்றுக்குத் திரும்பலாம். கரும்பு, முறுக்கு, வறுகடலை, ஆட்டெலும்பு முதலியவற்றை மேற்பல் கட்டி முடியும்வரை மறந்திருப்பதே நல்லது.

புகையிலை, பீடி, வெற்றிலைபாக்கு, மது ஆகியவற்றை அறவே விட வேண்டும். புகையிலையிலுள்ள நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்கிப் புண் ஆறுவதைக் கெடுக்கும். நீரிழிவு உள்ளவர் கஞ்சியில் சர்க்கரையும் வெல்லமும் சேர்க்கலாகாது. ஆனால் உணவைக் குறைத்து, மாத்திரையை மட்டும் வழக்கம்போல் விழுங்கினால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். ஆதலால் உணவு குறையும் நாட்களில் மருந்தின் அளவு பற்றி முன்னரே கேட்டுக்கொள்வது அவசியம்.

நடவுக்கும் அறுவடைக்கும் நடுவே இச்சிகிச்சைக்கு நாள் குறிப்பது பிழை. சில நாள் பாரம் தூக்காமலும் நெடுநேரம் குனியாமலும் இருத்தல் வேண்டும். வேளாவேளைக்குத் தனியே சமைத்துத் தரவும் வீட்டில் ஆள் வேண்டும். சத்துமாவு அரைக்கும் மகளிர் குழு உள்ள ஊர்களில், இத்தகையோர் வீட்டிற்கு அம்மாவு கிடைக்கும்படி ஊராட்சி உறுப்பினர்கள் சொல்லிவைக்கலாம். அதனை நன்கு சலித்துக் காய்ச்ச வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் நலம்.

இரத்தம் நில்லாமல் கசிந்தாலும், மூன்றாம் நாளுக்குப் பின் வலியும் வீக்கமும் ஏறினாலும், காய்ச்சல் கண்டாலும், பதித்த வேர் ஆடுவதாகத் தோன்றினாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல், பதித்த மருத்துவரிடம் அன்றே செல்ல வேண்டும்.