மலையும் காடும் பார்த்து வருவோம் – குழுவோடு ஒரு நாள் பட்டறிவுப் பயணம்



சேமிப்பு, உள்கடன், வங்கி இணைப்பு, கணக்கு எழுதுதல் என்று பல பாடங்களைப் படித்திருக்கிறோம். இந்த மாதப் பாடம் கொஞ்சம் வேறு மாதிரி. குழுவாகச் சேர்ந்து, வழிகாட்டியோடு, ஒரே நாளில் மலையையும் காட்டு விலங்குகளையும் பார்த்துவிட்டு வருவது எப்படி என்று பார்க்கப் போகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக் கலந்து பேசுங்கள்.

இந்தப் பாடத்தில் தெரிந்துகொள்ளப் போவது:

1. நமக்கு இந்தப் பயணம் எதற்கு?
2. எங்கே போகலாம், அங்கே என்ன பார்க்கலாம்?
3. செலவை எப்படிச் சமாளிப்பது?
4. பாதுகாப்பாகப் போய் வருவது எப்படி?

பயணம் நமக்கு எதுக்கு?

பயணம் என்று பேச்செடுத்தாலே நம் கூட்டங்களில் இப்படி ஒரு பேச்சு வரும்:

"யக்கா, ஒரு நாள் உப்பளத்துக்குப் போகலன்னா அன்னைக்குக் கூலி போச்சு. மலையப் பாத்து நமக்கு என்ன வந்துரப் போகுது?"

"ஏளா, கோயில் கொடைக்குப் போறோம், கல்யாண வீட்டுக்குப் போறோம், பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறோம். எல்லாம் அடுத்தவங்களுக்காகப் போறதுதான். நமக்குன்னு என்னைக்காவது ஒரு இடத்துக்குப் போயிருக்கோமா?"

இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் கூலி நமக்குச் சின்ன விஷயம் இல்லை. அதனால் போகும் நாள் வீணாகாமல் திட்டம் போட்டுத்தான் போக வேண்டும். அதே சமயம் ஓய்வும், புது இடம் பார்ப்பதும் ஆண்களுக்கு மட்டும் எழுதி வைத்தது இல்லை. பக்கத்து டவுனுக்குக் கூடத் தனியாகப் போகத் தயங்கும் உறுப்பினர்கள் நம் குழுக்களில் இன்றும் இருக்கிறார்கள். இருபது பேராகச் சேர்ந்து போய், அதிகாரியிடம் அனுமதி கேட்டு, வாடகை பேசி, கணக்கு முடித்துத் திரும்பி வந்தால் அந்தத் தயக்கம் பாதி போய்விடும்.

இன்னொரு காரணமும் உண்டு. அது நம் வீட்டுக் குடத்தில் இருக்கிறது.

குடத்துத் தண்ணீர் எங்கிருந்து வருது?

தூத்துக்குடி மழை குறைந்த மாவட்டம். வெயிலும் காற்றும் இருப்பதால்தான் இங்கே உப்பு விளைகிறது. ஆனால் உப்பை விளைய வைக்கிற வெயில் குடிக்கத் தண்ணீர் தராது. தூத்துக்குடி நகரத்துக்குக் குடிநீர் வல்லநாடு பக்கம் தாமிரபரணி ஆற்றிலிருந்து குழாய் வழியாக வருகிறது. கிராமங்கள் பலவற்றுக்கும் அதே ஆறுதான்.

அந்த ஆறு பிறப்பது மேற்குத் தொடர்ச்சி மலையில், பொதிகை மலையில். அகத்தியர் மலை என்றும் சொல்வார்கள். 1,868 மீட்டர் உயரம். ஆடி மாதத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் அந்த மலைக்குக் கிடைக்கின்றன. மேலே உள்ள சோலைக் காட்டில் விழும் மழை இலைச் சருகிலும் வேரிலும் மண்ணிலும் இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து ஓடையாக வருகிறது. அதனால்தான் தாமிரபரணி வற்றாத ஆறு என்ற பெயரோடு இருக்கிறது. மலையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு தாண்டி, நம்ம புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாக் கடலில் கலக்கிறது.

முத்துக்குப் பேர்போன பழைய பாண்டியர் துறைமுகம் கொற்கை இருந்ததும் இந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான். நம் கடலில் கடைசியாக முத்துக்குளித்தது 1961-ல். அதற்குப் பிறகு பார்களில் போதுமான சிப்பி இல்லை என்று முத்துக்குளிப்பு நடக்கவில்லை. இருக்கும்போது ஒன்றின் அருமை தெரியாது, போன பிறகு கொண்டுவர முடியாது என்பதற்கு நம் கடலே சாட்சி. காட்டுக்கும் அந்தக் கதி வராமல் இருக்க வேண்டுமானால், முதலில் அந்தக் காட்டைப் பார்த்து அறிந்திருக்க வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. மேலே மலையிலும் பெருமழை. ஆறு கரைபுரண்டது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நடுவழியில் நின்றது. மலையில் நடப்பது கடலோரத்தில் இருக்கும் நம் வாசலுக்கு வந்து சேரும் என்பதை அன்று கண்ணால் பார்த்தோம்.

முதல் இடம்: வல்லநாடு – வெளிமான் சரணாலயம்

வெகுதூரம் போக வேண்டாம். தூத்துக்குடி – திருநெல்வேலி சாலையில், நம் மாவட்டத்திலேயே இருக்கிறது வல்லநாட்டுக் குன்று. பஸ்ஸில் போகும்போது எத்தனை தடவை பார்த்திருப்போம்! அந்தக் குன்றும் அதைச் சுற்றிய முள்காடும் சேர்ந்து 1987-ல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 16 சதுர கிலோமீட்டர்.

இங்கே இருப்பது வெளிமான். திருகுமான் என்றும் சொல்வார்கள். இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களில் தெற்குக் கடைசி இதுதான். இதற்குத் தெற்கே காட்டில் வெளிமான் கிடையாது.

எப்படி அடையாளம் காண்பது? வளர்ந்த ஆண் மானுக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, திருகு திருகாக நீண்ட கொம்பு. பெண் மானும் குட்டியும் இளம்பழுப்பு நிறம். பெண் மானுக்குப் பொதுவாகக் கொம்பு இருக்காது. இதற்குக் காலும் கண்ணும்தான் காவல். தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்துத் துள்ளி ஓடிவிடும். அதனால் புல்லும் வெட்ட வெளியும் இதற்கு அவசியம். வெளியில் வாழ்வதால்தான் வெளிமான். சீமைக்கருவேல் மண்டிவிட்டால் புல்லும் போச்சு, ஓட இடமும் போச்சு. தெருநாய்கள் குட்டிகளைத் துரத்துவதும் பெரிய தொல்லை. சுற்றிலும் ஊரும் ரோடும் வந்துவிட்டதால், இந்த மான்களுக்கு வேறு காட்டுக்குப் போக வழியும் இல்லை.

புள்ளிமான், முயல், மயில், கீரி ஆகியவற்றையும் இங்கே பார்க்கலாம். விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரமே நல்ல நேரம். வெயில் ஏறினால் மான்கள் நிழலுக்குள் ஒதுங்கிவிடும். முன்கூட்டியே வனத்துறை அலுவலகத்தில் அனுமதி வாங்கி, வனக்காவலர் ஒருவரை உடன் அனுப்பும்படி கேளுங்கள். அவர் கண்ணுக்குத் தெரிவது நம் கண்ணுக்குத் தெரியாது. காலடித் தடம், புழுக்கை, மேய்ந்த புல் எல்லாவற்றையும் காட்டிச் சொல்லித் தருவார்.

இரண்டாவது இடம்: பாபநாசம் – மலையடிவாரம்

வல்லநாட்டிலிருந்து திருநெல்வேலி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம். தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடம் இது. பக்கத்தில் அகத்தியர் அருவி. மேலே தொடங்குவது களக்காடு – முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988-ல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். மையப் பகுதியின் பரப்பு 895 சதுர கிலோமீட்டர்.

புலியைப் பார்ப்போம் என்று நினைத்துப் போகாதீர்கள். புலி மனிதர் கண்ணில் படாமல் வாழும் பிராணி. ஆனால் புலி இருக்கிறது என்றால் அது தின்ன மிளாவும் மானும் பன்றியும் இருக்கின்றன, அவை தின்ன புல்லும் இலையும் இருக்கின்றன, குடிக்கத் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

இந்த மலையில் வாழும் சில பிராணிகளைத் தெரிந்துகொள்வோம்:

• சிங்கவால் குரங்கு: கருப்பு உடல், முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. அடர்ந்த சோலையில் மர உச்சியிலேயே வாழும்.
• கருமந்தி: நீண்ட வால், பளபளக்கும் கருப்பு உடல். இலை தின்னும். மருந்து என்று சொல்லி வேட்டையாடியதால் முன்பு எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.
• வரையாடு: நம் மாநில விலங்கு. உயரமான புல்மலையிலும் பாறைச் சரிவிலும் வாழும்.
• மலை அணில்: வீட்டு அணிலைப் போலப் பல மடங்கு பெரியது. மரத்துக்கு மரம் தாவும்.
• இருவாச்சி: பெரிய அலகுள்ள பறவை. பெண் பறவை மரப்பொந்துக்குள் அடைந்து அடைகாக்கும். ஆண் பறவை பழம் கொண்டுவந்து ஊட்டும். அது துப்பும் கொட்டைகள் முளைத்துக் காடு வளர்கிறது.

இவற்றில் பல மேல்காட்டில் இருப்பவை. ஒரு நாளில் எல்லாம் தென்பட்டுவிடாது. அதிர்ஷ்டம் இருந்தால் கருமந்தியும் மலை அணிலும் பார்க்கலாம். வழிகாட்டியிடம் கேட்டு மரங்களைத் தெரிந்துகொள்ளுங்கள், சத்தத்தைக் கேளுங்கள். காரையாறு பக்கம் காணி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்கிறார்கள். அவர்களைச் சந்திக்க நேர்ந்தால் விருந்தாளியாக நடந்துகொள்வோம். கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

பாபநாசத்தில் ஒன்றைக் கட்டாயம் பார்த்துவிட்டு வாருங்கள். பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணிகளை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சோப்பும் எண்ணெயும் வேறு. மேலே விடுவது கீழே வருகிறது. கீழே இருப்பவர்கள் நாம்.

மலையடிவாரத்துச் சகோதரிகள் செய்தது

மலையடிவாரக் கிராமங்களின் ஏழைப் பெண்கள் பலர் ஒரு காலத்தில் விடியுமுன் காட்டுக்குள் போய், விறகு வெட்டித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றுத்தான் பிழைத்தார்கள். விலங்கு பயம், வழுக்குப் பாறை, பிடிபட்டால் அபராதம். அப்படியும் கையில் வருவது சொற்பம்.

1990-களின் நடுவில் உலக வங்கி உதவியோடு வனத்துறை சூழல் மேம்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. ஊர் ஊராகக் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. பெண்கள் குழுவாகச் சேர்ந்து, சுழல் நிதியிலிருந்து கடன் வாங்கி, கறவை மாடு, தையல், சிறுகடை என்று தொழில் தொடங்கினார்கள். சாண எரிவாயுவும் புகையில்லா அடுப்பும் வந்தன. காட்டை நம்பி விறகு சுமப்பது வெகுவாகக் குறைந்தது.

இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. "காட்டுக்குள் போகாதே" என்று சொன்னதால் மட்டும் காடு காப்பாற்றப்படவில்லை. வேறு பிழைப்புக்கு வழி செய்ததால்தான் காப்பாற்ற முடிந்தது. அந்த வழி குழுவும் கடனும் ஒழுங்கான தவணையும்தான். நாம் வாரா வாரம் செய்கிற அதே வேலை! முடிந்தால் அம்பாசமுத்திரம் பக்கத்துக் குழு ஒன்றோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச, கூட்டமைப்பு மூலம் முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

செலவுக் கணக்கு

குழுச் சேமிப்பிலிருந்தோ சுழல் நிதியிலிருந்தோ ஒரு ரூபாய்கூட எடுக்கக் கூடாது. அது கடன் கொடுக்க வேண்டிய பணம். பயணத்துக்குத் தனி உண்டியல், தனி நோட்டு.

கணக்குப் போட்டுப் பழக 20 பேருக்கு ஒரு மாதிரி:

• வேன் வாடகை – ரூ. 7,000
• சாப்பாட்டுச் சாமான் – ரூ. 2,000
• நுழைவுக் கட்டணம், வழிகாட்டி – ரூ. 1,600
• அவசரக் கையிருப்பு – ரூ. 1,400
• மொத்தம் – ரூ. 12,000

ஆளுக்கு ரூ. 600. வாரம் ரூ. 15 வீதம் போட்டால் 40 வாரத்தில் சேர்ந்துவிடும். வாடகையும் கட்டணமும் உங்கள் ஊரில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள். கட்ட முடியாத உறுப்பினர் ஒருவர் இருந்தால் அவரை விட்டுவிட்டுப் போகலாமா என்பதைக் குழுவே கூடிப் பேசி முடிவு செய்யட்டும்.

நேரத் திட்டம்

காலை 5.00 – புறப்பாடு
6.15 – வல்லநாடு, மான் பார்த்தல்
8.30 – கட்டுச்சோறு
11.00 – பாபநாசம், அகத்தியர் அருவி
1.30 – மதியச் சாப்பாடு, மலையடிவாரக் குழுவோடு பேச்சு
4.00 – திரும்புதல்
இரவு 7.00 – வீடு

மறக்கக் கூடாதவை

1. புறப்படுமுன் வனத்துறையில் கேளுங்கள். மழை, வெள்ளம், விலங்கு கணக்கெடுப்பு நாட்களில் அருவியும் காடும் மூடியிருக்கும்.
2. சோதனைச்சாவடியில் பிளாஸ்டிக் பை, பாட்டிலுக்கு அனுமதி இல்லை. தூக்குவாளியும் துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள்.
3. பளிச்சென்ற நிறச் சேலை, வாசனைப் பவுடர், சத்தமான பேச்சு, பாட்டுப் பெட்டி வேண்டாம். கால் மூடும் செருப்பு நல்லது.
4. குரங்குக்கு எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருபவர் கைப்பையைப் பிடுங்கும்.
5. அருவியில் கம்பி கட்டிய எல்லையைத் தாண்டாதீர்கள். தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ இரைச்சல் கூடினாலோ உடனே கரையேறுங்கள்.
6. மாத்திரை, நாப்கின், மாற்றுத்துணி மறக்க வேண்டாம். கழிப்பறைக்கு எங்கே நிறுத்துவது என்று ஓட்டுநரிடம் முன்பே பேசிவையுங்கள்.
7. ஐந்து பேருக்கு ஒரு பொறுப்பாளர். வேனில் ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிக்கை.
8. வழிகாட்டி 'போதும்' என்றால் போதும்.

வந்த பிறகு

அடுத்த கூட்டத்திலேயே வரவு செலவை வாசித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். மிச்சப் பணத்தை என்ன செய்வது என்றும் முடிவெடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர் முதலில் பேசட்டும். என்ன பார்த்தார் என்று அவர் வாயால் கேளுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.

குழுவில் கலந்து பேச:

1. நம் ஊருக்குக் குடிநீர் எந்த ஆற்றிலிருந்து, எந்த வழியாக வருகிறது?
2. நம் ஊர் ஓடையிலும் கடற்கரையிலும் நாம் கொட்டுவது யாருக்குப் போய்ச் சேருகிறது?
3. விறகுக்குப் பதில் வேறு தொழில் தேடிய சகோதரிகளைப் போல, நம் குழுவில் யாருக்கு எந்தத் தொழிலை மாற்ற வேண்டிய தேவை இருக்கிறது? குழு எப்படி உதவலாம்?
4. பயணம் போக வீட்டில் தடை சொன்னால் குழு என்ன செய்யலாம்?

இந்த வாரக் கூட்டத்தில் நான்காவது கேள்வியை முதலில் பேசுங்கள். அதற்கு விடை கிடைத்தால் உண்டியலை அன்றே தொடங்கிவிடலாம்.