உலை எங்கே எரிந்தது என்று கேளுங்கள்

எவர்சில்வர் குடம் வாங்கப் போகிறவர்கள் சிலர் கையோடு ஒரு காந்தத்தையும் கொண்டுபோவார்கள். ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்பது கணக்கு. அதே காந்தத்தோடு பாலத்துக்கு எஃகு வாங்கப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். கடலோரத்துக்கு மிகவும் ஏற்ற டூப்ளெக்ஸ் ரகத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 200 வரிசைச் சரக்கில் ஒட்டாது. வீட்டுச் சோதனைகளை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அரசுப் பாலம் ஒன்றுக்கு, உள்நாட்டில் செய்த துருப்பிடிக்காத எஃகைத் திரட்டும் வேலை முதல்முறையாகத் தலையில் விழுந்திருக்கும் பொறியாளருக்கும் ஒப்பந்ததாரருக்கும் இந்தக் குறிப்புகள்.

எந்த இடத்துக்கு வேண்டும்?

பாலம் முழுவதையும் இந்த எஃகில் கட்டியவர்கள் உண்டு. சிங்கப்பூரின் ஹீலிக்ஸ் நடைபாலம் டூப்ளெக்ஸ் எஃகால் ஆனது. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 2005இல் ஒரு சாலைப் பாலத்தையே அப்படிக் கட்டினார்கள். நம் பணப்பெட்டிக்கு அது ஒத்துவராது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாம்பன் ரயில் பாலத்தைப் பாருங்கள். கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி. மேலே உள்ள எஃகுப் பாகங்களுக்கு உயர்ரகப் பாலிசிலாக்சேன் பூச்சு. 1914இல் திறந்த பழைய பாலத்தில் அரிப்பினால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. அந்த உப்புக் காற்றைப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு இது.

எனவே வரைபடத்தை விரித்து, பின்னால் கை எட்டாத இடங்களையும் உப்புத் தண்ணீர் தெறிக்கும் இடங்களையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுங்கள். அலை மட்டத்தை ஒட்டிய தூண் கம்பிகள், பேரிங்கின் சறுக்குத் தகடு, விரிவு இணைப்பு, கைப்பிடி, போல்ட்டு: பட்டியல் பெரும்பாலும் இவ்வளவுதான். மற்ற இடத்தில் சாதாரணக் கம்பி போதும். கான்கிரீட்டுக்குள் இரண்டும் தொட்டுக்கொண்டிருப்பதால் பெரிய ஆபத்தில்லை.

எந்த ரகம்?

‘எஸ்.எஸ்.’ என்று மட்டும் எழுதி விலை கேட்டால், கடைக்காரருக்கு எது கிடைக்கிறதோ அது வரும். 304இல் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். 316இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம்; உப்பைத் தாங்கவைப்பது அதுதான். டூப்ளெக்ஸ் 2205இல் 22 சதவீத குரோமியத்தோடு 3 சதவீதத்துக்கு மேல் மாலிப்டினம். நிக்கலோ ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான். குரோமியத்தோடு மாலிப்டினத்தை 3.3 மடங்காக்கியும் நைட்ரஜனை 16 மடங்காக்கியும் கூட்டினால் குழி அரிப்பைத் தாங்கும் திறனுக்கு ஒரு எண் கிடைக்கும். 304க்கு அது ஏறத்தாழ 19, 316க்கு 24, 2205க்கு 35. ஊருக்குள் இருக்கும் கைப்பிடிக்கு 304 போதும். கடற்கரையில் அதையே வைத்தால் சில மாதத்திலேயே தேநீர்க் கறைபோலப் பழுப்பு படரும்.

2205க்கு இன்னொரு லாபமும் உண்டு. 304இன் குறைந்தபட்ச இளகு வலிமை 205 மெகாபாஸ்கல், இதற்கு 450. வடிவமைப்பாளர் மனம் வைத்தால் தகட்டின் தடிமன் குறையும், எடையோடு விலையும் இறங்கும். விலையைக் கிலோவுக்குக் கிலோ ஒப்பிடுகிறவர்கள் இதைக் கோட்டைவிடுகிறார்கள்.

‘உள்நாட்டுப் பொருள்’ என்றால் என்ன?

வேலையில் பாதி இதுதான். அரசுக் கொள்முதலில் இரண்டு விதிகளைத் தனித்தனியாகப் படியுங்கள். முதலாவது, மேக் இன் இந்தியாவுக்கு முன்னுரிமை தரும் 2017ஆம் ஆண்டு ஆணை. பொருளின் மதிப்பில் 50 சதவீதமாவது உள்நாட்டுப் பங்கு இருந்தால் முதல் வகுப்பு உள்ளூர் விற்பனையாளர். 20க்கும் 50க்கும் நடுவே என்றால் இரண்டாம் வகுப்பு. பத்துக் கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலில் தணிக்கையாளர் சான்று வேண்டும். பொய்க் கணக்கு கொடுத்தால் இரண்டு ஆண்டுவரை டெண்டர் பக்கமே வர முடியாது.

இரண்டாவது, எஃகு அமைச்சகத்தின் தனிக் கொள்கை. இதுவும் 2017இல் பிறந்து பிறகு திருத்தங்கள் கண்டது. இப்போது இது பார்ப்பது விலைக் கணக்கை மட்டுமல்ல: எஃகு உருகியதும் முதல்முறை வார்க்கப்பட்டதும் இந்தியாவிலா என்றும் கேட்கிறது. வெளிநாட்டுச் சுருளை இறக்கி, இங்கே வெட்டி, மெருகேற்றி, நம்மூர் முத்திரை குத்தினால் அது உள்நாட்டுப் பொருளாகிவிடாது. எனவே விற்பனையாளரிடம் முதல் கேள்வி ‘எங்கே செய்தீர்கள்?’ அல்ல. ‘உலை எங்கே எரிந்தது?’

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. குரோமியத்துக்கு ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கு நம்மிடம் இருக்கிறது. நிக்கலுக்குப் பெரும்பாலும் கப்பலை எதிர்பார்த்திருக்கிறோம், பழைய எஃகுத் துண்டுகளுக்கும் அப்படித்தான். ஆகவே இந்தியாவிலேயே உருக்கிய 316கூட மதிப்புக் கணக்கில் இடறலாம். எடையில் பத்தில் ஒரு பங்குதான் நிக்கல் என்றாலும் விலையில் அதன் பங்கு அதைவிடப் பெரிது. நிக்கல் குறைந்த டூப்ளெக்ஸ் இங்கேயும் கைகொடுக்கும். ரகத்தை முடிவு செய்யும் கூட்டத்தில் கணக்காளரையும் உட்காரவைக்கச் சொல்வது அதனால்தான்.

வரைபடத்தை முடிக்கும் முன் ஆலையிடம் பேசுங்கள்

சாதாரண எஃகில் ஐ வடிவ விட்டம் அளவுவாரியாகக் கிடைக்கும். இந்த எஃகில் பெரிய அளவு உருட்டுப் பிரிவுகளை எதிர்பார்க்காதீர்கள். தகட்டை வெட்டிப் பற்றவைத்துத்தான் விட்டம் செய்ய வேண்டியிருக்கும். கையேட்டைப் பார்த்து அளவு போட்டுவிட்டு, பிறகு ‘இந்தியாவில் கிடைக்கவில்லை’ என்று விலக்குக் கேட்டு எழுதும் கடிதங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் மூலம்.

தகடும் சுருளும் வேண்டுமென்றால் நமக்குப் பக்கத்தில் சேலம் உருக்காலை. ஹரியானாவின் ஹிசாரிலும் ஒடிசாவின் ஜாஜ்பூரிலும் ஜிண்டால் ஆலைகள். கம்பிக்கும் உருளைக்கும் மகாராஷ்டிரம், குஜராத் பக்கம் விசாரியுங்கள். எந்த ரகம், எந்தத் தடிமன், ஒரு வார்ப்புக்குக் குறைந்தபட்சம் எத்தனை டன் என்று எழுத்தில் வாங்குங்கள். உங்களுக்கு வேண்டியது மூன்று டன்னாகவும் ஆலையின் குறைந்தபட்சம் அதைப்போலப் பல மடங்காகவும் இருந்தால், இருப்பு வைத்திருக்கும் வியாபாரியிடம்தான் போக வேண்டும். அங்கேதான் காகிதம் தொலையும்.

காகிதமும் துப்பாக்கியும்

ஆர்டரில் தரநிலையை எண்ணோடு எழுதுங்கள்: கான்கிரீட் கம்பிக்கு ஐ.எஸ். 16651, தகட்டுக்கு ஐ.எஸ். 6911. ஆலையின் பி.ஐ.எஸ். உரிம எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் தட்டிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. சோதனைச் சான்றில் உள்ள ஹீட் நம்பரும் பொருளில் பொறித்த நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். வியாபாரியின் முகவரித்தாளில் மறுபடி தட்டச்சு செய்த சான்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். உருக்கிய ஆலையின் மூலச் சான்றுதான் உங்களுக்கு வேண்டியது.

சரக்கு இறங்கும்போது எக்ஸ்ரே துப்பாக்கியால் கட்டுக்கட்டாகச் சோதியுங்கள். நிக்கலும் மாலிப்டினமும் சில நொடிகளில் தெரிந்துவிடும். கார்பனை அந்தத் துப்பாக்கி காட்டாது. 304ஐயும் கார்பன் குறைந்த 304எல்-ஐயும் பிரித்தறிய ஆய்வகத்துக்கு ஒரு துண்டு போயாக வேண்டும்.

பட்டறையைப் போய்ப் பாருங்கள்

திருச்சியைச் சுற்றி பெல் நிறுவனத்துக்கு வேலை செய்து கைதேர்ந்த பட்டறைகள் இருக்கின்றன. பாய்லர் செய்கிற கை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடாதீர்கள். சாதாரண இரும்பை அறுத்த கல்லாலேயே இதையும் தேய்த்தால் இரும்புத் துகள் பதிந்து ஒரே மழையில் துரு பூக்கும். பழி எஃகின்மேல் விழும். தனி இடம், தனிக் கல், துருப்பிடிக்காத எஃகுக் கம்பித் தூரிகை, தூக்கும்போது சங்கிலிக்குப் பதில் நைலான் பட்டை: இவற்றைக் கண்ணால் பார்த்த பிறகு கொட்டேஷனைத் திறங்கள். 2205க்கு 2209 வெல்டிங் கம்பி. ஓட்டங்களுக்கு இடையே வெப்பம் 150 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. பற்றவைத்த இடத்தின் நீல நிறத்தை அமிலப் பசையால் எடுத்துவிட்டுக் கழுவ வேண்டும். இந்த வேலைக்குத் தனியாக விலை போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் அது நடக்காது.

கடைசியில் போல்ட்டு

விட்டம் இந்தியா, தகடு இந்தியா, போல்ட்டுப் பெட்டி மட்டும் வேறு நாடு. தணிக்கையில் மாட்டுவது பல நேரம் இந்தப் பெட்டிதான். சின்னப் பொருள் என்று யாரும் சான்று கேட்பதில்லை. போல்ட்டு, நட்டு, வாஷர் மூன்றுக்கும் அதே உலைக் கேள்வியைக் கேளுங்கள். பெரிய துருப்பிடிக்காத தகட்டைச் சாதாரண இரும்பு போல்ட்டால் முடுக்காதீர்கள், போல்ட்டைத்தான் அரிப்பு முதலில் தின்னும். எதிர்ப்பக்கம் பூச்சு எஃகு என்றால் நடுவே மின்காப்பு வாஷர் வையுங்கள். முடுக்கும் முன் மரையில் மசகுப் பசை தடவச் சொல்லுங்கள். தடவாமல் வேகமாக முடுக்கினால் நட்டு பாதியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.