சிறு காரின் அறையும் தாழ்ந்த ஒலியும்

இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறு மோட்டார் காரில் சப்வூபர் எனப்படும் தாழொலிபெருக்கியைப் பொருத்துவது வீண் முயற்சி என்று பலர் கருதுகின்றனர். விநாடிக்கு 40 அதிர்வுகள் கொண்ட ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 8.6 மீட்டர், அத்தகைய காரின் உள்ளறையோ ஒன்றரை மீட்டர் அளவே நீளமுடையது. அறைக்குள் அடங்காத அலை அங்கு எவ்வாறு ஒலிக்கும் என்பது அவர்கள் வினா. வினா நியாயமானதே, முடிவுதான் தவறு. அறையின் சிறுமை இங்குத் தடையாகாமல் துணையாகவே அமைகிறது.

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னே நகரும்போது அதன் முன்புறக் காற்று நெருங்குகிறது. பின்புறக் காற்று நெகிழ்கிறது. பெட்டியின்றி வைத்தால், நெருங்கிய காற்று விளிம்பைச் சுற்றிப் பின்னே சென்றுவிடுவதால் தாழ்ந்த சுரங்கள் எழும்பாமலே அழிகின்றன. பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய ஒலிபெருக்கியை முதலில் வெறுமையாகவும், பிறகு நடுவே துளையிட்ட பெரிய அட்டையில் பொருத்தியும் ஒலிக்கச் செய்து, ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே காட்டலாம்.

பின்புற அலையை அடைத்து வைப்பதற்கே மூடிய பெட்டி பயன்படுகிறது. ஆயினும் அதனுள் அகப்பட்ட காற்று சுருள்வில்லைப் போல் கூம்பை எதிர்க்கும். பெட்டி சிறிதாகுந்தோறும் இவ்வில் விறைப்பாகும். கூம்பின் இயற்கை அதிர்வெண் 30 எனவும், அதன் நெகிழ்ச்சிக்கு ஈடான காற்றின் கனஅளவு 36 லிட்டர் எனவும் கொள்வோம். பெட்டி 12 லிட்டராயின், 36-ஐ 12-ஆல் வகுத்து ஒன்றைக் கூட்ட 4 வரும். அதன் வர்க்கமூலம் 2. ஆகவே அதிர்வெண் 60-க்கு உயர்ந்துவிடும். திறந்த வெளியில், இதற்குக் கீழே ஒவ்வொரு ஸ்தாயி இறங்கும்போதும் ஒலியழுத்தம் ஏறக்குறைய நாலில் ஒரு பங்காகக் குறையும்.

காரினுள் நிகழ்வது வேறு. அலைநீளத்தின் பாதி அறையின் நீளத்தைவிட மிகும்போது, அதாவது 1.5 மீட்டர் அறையில் சுமார் 114 அதிர்வுகளுக்குக் கீழே, சைக்கிள் பம்புக்குள் இருப்பதைப் போல் காற்று மொத்தமாக அழுந்தி விரிகிறது. அந்நிலையில் அழுத்தம் கூம்பு நகரும் தூரத்தையே பொறுத்தது. எனவே பெட்டியால் இழந்ததை அறை ஈடுசெய்கிறது. இது கணக்கு கூறும் எல்லை. கதவிடுக்குகளும் துணிக்கூரையும் அழுத்தத்தைக் கசியவிடுவதால் நடைமுறையில் பயன் குறையும். கூரையை மடித்துவிட்டால் பெரும்பாலும் மறைந்தே போகும்.

இனி, பெட்டியை எங்கே வைப்பது? 1989-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜப்பானிய மாஸ்டா எம்.எக்ஸ்.-5 காரின் முதல் வடிவத்தை உதாரணமாகக் கொள்ளலாம். இருக்கைகளின் பின்னுள்ள மேடை தகுந்த இடமாகவே தோன்றும். ஆனால் அதன் பின்னால் இருப்பது பெட்ரோல் தொட்டி! மறுபுறம் பாராமல் அங்கே திருகாணியை முடுக்குவது பேராபத்து. டிக்கியில் வைப்பின், இடையிலுள்ள இரும்புச் சுவர் ஒலியை மறிக்கும். எஞ்சுவது பக்கத்து இருக்கைக்காரர் கால் வைக்கும் இடம். 40, 30, 10 சென்டிமீட்டர் உள்ளளவுள்ள ஒட்டுப்பலகைப் பெட்டி 12 லிட்டர் கொள்ளும். ஒலிபெருக்கியின் காந்தம் அடைக்கும் இடத்தை இதிலிருந்து கழிக்க வேண்டும். பெட்டியை அசையாமல் பிணைப்பது இன்றியமையாதது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதி நிற்குமாயின், பிணைக்காத பெட்டி ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த பொருளின் வேகத்துடன் பாயும்.

மின்னிணைப்பிலும் கவனம் தேவை. 150 வாட் ஒலித்திறன் வழங்கும் ஆம்ப்ளிபையர் நூற்றுக்கு 75 பங்கு பயனுடையதாயின், பேட்டரியிலிருந்து 200 வாட் பெறும்; 12.5 வோல்ட்டில் இது 16 ஆம்பியர். ப்யூஸைப் பேட்டரிக்கு மிக அருகில் அமைக்க வேண்டும். ஆம்ப்ளிபையரின் பக்கத்தில் மட்டும் அமைத்தால், வழியில் உறை தேய்ந்து காரின் உடலைத் தொடும் கம்பிக்குக் காப்பே இராது. விளம்பர வண்டிகளில் பணிபுரிவோர்க்கும் இது பொருந்தும்.

யாவும் முடிந்தபின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கேட்க வேண்டும். தாழ்ந்த சுரம் மெலிந்திருந்தால், சப்வூபரும் கதவிலுள்ள ஒலிபெருக்கிகளும் ஒன்றையொன்று எதிர்த்து அசைகின்றனவா என்று ஐயுறலாம். ஆம்ப்ளிபையரை நிறுத்திவிட்டு, சப்வூபரின் இரு கம்பிகளையும் இடம் மாற்றி மீண்டும் கேட்டு, உரத்து ஒலிக்கும் இணைப்பையே நிலையாக்குக.