புகைப்படம்: செலவும் எரிச்சலும் சந்தோஷமும்



இன்று நம் எல்லோர் பாக்கெட்டிலும் ஒரு கேமரா இருக்கிறது. ஒரு நாளைக்கு இருபது படமாவது எடுக்கிறோம். ஆனால் அதில் எத்தனை படத்தை இரண்டாம் தடவை எடுத்துப் பார்க்கிறோம்? எத்தனை படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறோம்? என்னைக் கேட்டால் ஒன்றுகூட இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன், இரண்டு வருடம் முன்புவரை.

புகைப்படம் என்பது பணக்காரர் பொழுதுபோக்கு என்று எங்கள் வீட்டில் நினைத்தார்கள். பட்டனை அழுத்தினால் படம் வந்துவிடும் என்று நான் நினைத்தேன். இரண்டுமே தப்பு. எப்படித் தப்பு என்பதை என் கணக்கு நோட்டையும், என் அம்மா முகத்தையும் வைத்தே சொல்கிறேன்.

1. செலவு

கூட்டேரிப்பட்டில் ஒரு ஸ்டுடியோ அண்ணனுக்கு முகூர்த்த நாட்களில் உதவிக்குப் போவேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம் எதுவானாலும் லைட் பிடிப்பதுதான் என் வேலை. ஒரு விசேஷத்துக்கு 500 ரூபாய். 23 விசேஷத்துக்கு லைட் பிடித்த கூலியைச் சேர்த்து ஒரு பழைய டிஜிட்டல் கேமரா வாங்கினேன். என் நோட்டில் உள்ள கணக்கு இது:

கேமரா, 18-55 லென்ஸுடன் (செகண்ட் ஹேண்ட்) – ரூ. 11,500
மெமரி கார்டு – ரூ. 450
இன்னொரு பேட்டரி – ரூ. 700
காற்றுப் புகாத டப்பா, சிலிகா ஜெல் – ரூ. 180
தூசி ஊதும் பம்ப், துணி – ரூ. 250
இதுவரை போட்ட 60 பிரிண்ட் – ரூ. 600
ஆக மொத்தம் – ரூ. 13,680

அப்பா கணக்கைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சந்தையில ரெண்டு ஆடு புடிச்சிருக்கலாம்டா. இந்நேரம் குட்டி போட்டிருக்கும்." பதில் சொல்ல முடியவில்லை. கேமரா குட்டி போடாது. வருடா வருடம் விலைதான் இறங்கும்.

ஆனால் ஸ்டுடியோ அண்ணன் சொன்ன கதையைக் கேட்டபின் என் கணக்கு சின்னதாகத் தெரிந்தது. ஃபிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். ரோலுக்குத் தனிக் காசு, கழுவத் தனிக் காசு, பிரிண்டுக்குத் தனிக் காசு. கண்ணை மூடியிருந்தால் அந்தப் படம் போச்சு. நம் ஊட்டியிலேயே ஃபிலிம் செய்தார்கள் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டு, 1967-இல் உற்பத்தி ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் வந்தது. டிஜிட்டல் வந்தபின் ஃபிலிமுக்கு வேலை குறைந்தது. அந்த ஆலையும் மூடப்பட்டுவிட்டது.

"ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் காசு போற சத்தம் கேக்கும்டா. அதனால யோசிச்சு அழுத்துவோம்" என்பார் அண்ணன். அன்றிலிருந்து நான் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எங்கே போனாலும் 36 படம்தான். கார்டில் ஆயிரம் படத்துக்கு இடம் இருந்தாலும் 36-க்கு மேல் அழுத்துவதில்லை. இந்த விதிக்கு ஒரு பைசா செலவில்லை. கற்றுக்கொடுத்ததோ நிறைய.

2. கேமராவுக்குள் இருக்கும் கணக்கு

பயப்படாதீர்கள், மூன்றே சங்கதிதான். லென்ஸில் உள்ள துவாரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவது போலத்தான். மடையை எவ்வளவு அகலம் திறக்கிறோம், எவ்வளவு நேரம் திறக்கிறோம், மண் எவ்வளவு சீக்கிரம் நனையும் என்பதே கணக்கு.

துவாரத்தின் எண்கள் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று போகும். முதல் தடவை பார்த்தபோது எவனோ குலுக்கிப் போட்ட எண் என்றுதான் நினைத்தேன். நாம் படித்த பரப்பளவுக் கணக்கைப் போட்டால் புரிந்துவிடும். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுத்து விட்டம் 25 மி.மீ. எஃப் 4 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதி, ஆனால் பரப்பளவு கால்வாசி. ஆகவே வெளிச்சம் பாதியாக வேண்டுமானால் எண்ணை 1.4-ஆல், அதாவது இரண்டின் வர்க்கமூலத்தால் பெருக்க வேண்டும். 2, 2.8, 4, 5.6 வந்துவிட்டதா? ஒவ்வொரு படியிலும் வெளிச்சம் பாதியாகும். ஷட்டரும் அப்படியே: 1/60 நொடியிலிருந்து 1/125 போனால் பாதி, 1/250 போனால் கால். ஐ.எஸ்.ஓ.வை இரட்டித்தால் உணர்திறன் இரட்டிக்கும். கூடவே படத்தில் பொரிபொரியாகப் புள்ளியும் சேரும்.

மீட்டரே இல்லாத காலத்தில் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். நல்ல வெயிலில் எஃப் 16 வைத்து, ஷட்டரை ஐ.எஸ்.ஓ. எண்ணுக்குக் கீழ் ஒன்று என்று வைப்பது. ஐ.எஸ்.ஓ. 100 என்றால் 1/100 அல்லது பக்கத்திலுள்ள 1/125. எங்கள் மல்லாட்டைக் கழனியில் வைத்துப் பார்த்தேன். அச்சாக வந்தது!

3. எரிச்சல்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கேமரா வாங்கியதும் முதல் படம் அம்மாவை எடுக்க ஆசைப்பட்டேன். அம்மாவுக்கு என்று தனியாக ஒரு போட்டோ கிடையாது. கல்யாணத்தில் எல்லோரோடும் நின்று எடுத்தது ஒன்று. ரேஷன் கார்டு, ஆதார் கார்டுக்கு எடுத்தது. "ஆதார்ல இருக்கிற மாதிரிதான் நான் இருக்கேன் போல" என்று ஒரு நாள் சொன்னது என் மனசில் தைத்துவிட்டது.

முதல் படம், உச்சி வெயிலில் கழனி வரப்பில், வானத்தைப் பின்னால் வைத்து. வானம் அழகாக வந்தது. அம்மா முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரிக்கட்டை. இரண்டாவது, ராத்திரி அடுப்படியில் ஃபிளாஷ் போட்டு. நெற்றி வெள்ளை வெளேரென்று எரிந்துபோய், கண்ணிரண்டும் மிரண்டு நின்றன. மூன்றாவது, கோபத்தில் செல்போனில் எடுத்தேன். அழகுபடுத்தும் ஃபில்டர் அதுவாகவே வேலை செய்து, அம்மாவை வெள்ளையாக்கி, சுருக்கத்தையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டது. அத்தை, சித்தி எல்லோரும் "சூப்பர்" என்றார்கள். அம்மா செல்போனைத் தூரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு வூட்டுப் பொம்பளைடா இது?" என்றார்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 23 நாள் கூலி. பெற்ற தாயின் முகம் அதில் வரவில்லை!

காரணம் என்ன? சர்வே பிராக்டிகலில் பெஞ்ச் மார்க் வைத்துத்தானே மற்ற எல்லா மட்டமும் எடுக்கிறோம்? கேமராவின் மீட்டருக்கும் ஒரு பெஞ்ச் மார்க் உண்டு. தன் முன்னால் உள்ள எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம், அதாவது விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பொருள் என்று அது நினைத்துக்கொள்கிறது. வானம் பளிச்சென்று இருந்தால் 'ஐயோ, வெளிச்சம் அதிகம்' என்று குறைத்துவிடும், முகம் கருகும். இருட்டான அடுப்படி என்றால் 'வெளிச்சம் போதாது' என்று கூட்டிவிடும், முகம் வெளுக்கும். அதன்மேல் ஃபிளாஷ் வேறு. தூரம் இரண்டு மடங்கானால் ஃபிளாஷ் வெளிச்சம் கால்வாசியாகும். கல்யாண குரூப் போட்டோவில் முன்வரிசை எரிந்து, பின்வரிசை இருட்டாக வருவதும் இதனால்தான். கேமராவுக்கு அம்மா என்றும் தெரியாது, வானம் என்றும் தெரியாது. சராசரி மட்டுமே தெரியும்.

இதில் மனிதர் செய்த கோளாறும் உண்டு. 1950-களிலிருந்து கோடக் கம்பெனி, கலர் பிரிண்ட் சரியாக வருகிறதா என்று பார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பியது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் பெயரால் அதை 'ஷெர்லி அட்டை' என்றே அழைத்தார்கள். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்கள் கண்ணும் பல்லும் மட்டும் தெரிய வந்தன. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009-இல் இதைப் பற்றி எழுதினார். ஃபிலிமில் பழுப்பு நிறத்தின் வேறுபாடுகளைத் திருத்தக் காரணமானவர்களில் மரச்சாமான் கம்பெனிக்காரர்களும் சாக்லெட் கம்பெனிக்காரர்களும் உண்டாம்! மரத்தின் நிறம், சாக்லெட்டின் நிறம் சரியாக வரவில்லை என்று அவர்கள் புகார் செய்தார்கள். பல நிறப் பெண்கள் சேர்ந்த அட்டை 1990-களில்தான் வந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் கோபமும் கொஞ்சம் நிம்மதியும் வந்தது. கோபம் ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. நிம்மதி, தப்பு அம்மா முகத்தில் இல்லை, கணக்கில்தான் என்று தெரிந்ததால். கணக்கை நாம் திருத்திவிடலாம் அல்லவா?

4. திருத்தும் வழி

(அ) உச்சி வெயிலை விடுங்கள். காலை எட்டு மணிக்குள், மாலை நாலரைக்குமேல் எடுங்கள். இல்லையென்றால் திண்ணை நிழலில், வெளியே பார்த்தபடி உட்கார வையுங்கள். திறந்த வானத்தின் வெளிச்சம் முகத்தில் மெத்தென்று விழும்.

(ஆ) பின்னால் வானமும் சுண்ணாம்புச் சுவரும் வேண்டாம். வேப்பமரம், வைக்கோல் போர், கீற்றுத் தட்டி எதுவும் நல்லதே.

(இ) மீட்டரை முகத்துக்குக் காட்டுங்கள், மொத்தக் காட்சிக்குக் காட்டாதீர்கள். அல்லது அதே வெளிச்சத்தில் உங்கள் உள்ளங்கையை அளந்து, ஒரு படி கூட்டி வையுங்கள். முகம் எந்த நிறமானாலும் உள்ளங்கையில் அவ்வளவு வித்தியாசம் இருக்காது.

(ஈ) செல்போன்காரர்கள் ஃபில்டரை நிறுத்திவிட்டு, திரையில் முகத்தைத் தொடுங்கள். பக்கத்தில் வரும் சூரியப் படத்தை மேலும் கீழும் நகர்த்தினால் வெளிச்சம் கூடும், குறையும்.

(உ) கை நடுங்கினால் படம் கலங்கும். 50 மி.மீ. லென்ஸுக்கு 1/50 நொடிக்கும் மெதுவாகப் போகாதீர்கள். தூண் இருந்தால் சாய்ந்துகொள்ளுங்கள்.

(ஊ) ஈரம் பட்டால் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். தோல் உறையில் மூடியே வைத்திருந்தால் பூஞ்சைக்கு விருந்துதான்.

5. நமக்கு முன்னோடி

விலையுயர்ந்த கருவி இருந்தால்தான் சாதிக்க முடியும் என்பவர்களுக்கு மா. கிருஷ்ணன் அவர்களைக் காட்டுவேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டு விலங்குகளைக் கறுப்பு-வெள்ளையில் எடுத்தவர். பல கேமராக்களின் பாகங்களைத் தாமே ஒன்றாக இணைத்து ஒரு கேமரா செய்து, அதற்கு 'சூப்பர் பாண்டரோஸா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். 1950 முதல் 1996-இல் மறையும்வரை 46 ஆண்டுகள் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் இயற்கையைப் பற்றி எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. யோசித்துப் பாருங்கள்: இருண்ட காட்டில் கறுத்த யானை. மீட்டரின் சராசரியை நம்பியிருந்தால் அவருக்கு யானை கிடைத்திருக்குமா?

6. சந்தோஷம்

படம் எடுக்க ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக வேண்டியதில்லை. நம்மைச் சுற்றியே எல்லாம் இருக்கிறது. மயிலம் மலையில் பங்குனி உத்திரத்தன்று ஜனக்கூட்டத்தின் முகங்கள். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள். வயது சுமார் 2 கோடி ஆண்டு என்கிறார்கள். சாய்ந்த வெயிலில் எடுத்தால் மரத்தின் நரம்பு தெரியும், நேர் வெயிலில் வெறும் கல்தான் தெரியும். செஞ்சிக் கோட்டை 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் பாறையைக் குடைந்த கோயில். செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் சொல்லியிருக்கிறான். சிவில் படிக்கும் நமக்கு இதைவிடப் பெருமை ஏது? படம் எடுப்பவனுக்கும் அது பாடம்தான். இல்லாத லென்ஸை நினைத்து ஏங்காமல், இருக்கிற பாறையைக் குடைய வேண்டும்.

கடைசியாக அம்மா படம். "அழுக்குப் பொடவையில எடுக்காதடா" என்று எப்போதும் தடுப்பார். அன்று மல்லாட்டை ஆய்ந்துவிட்டு வந்து, திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மணி நாலே முக்கால். "எடுக்கட்டுமாம்மா?" என்றேன். களைப்பில் சும்மா இருந்தார். உள்ளங்கையை அளந்தேன், ஒரு படி கூட்டினேன். எஃப் 5.6, 1/125, ஐ.எஸ்.ஓ. 400. ஒன்றே ஒன்று எடுத்தேன்.

பத்து ரூபாய்க்கு பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அம்மா வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "கையில இருக்கிற மண்ணுகூடத் தெரியுதுடா" என்றார். அப்புறம், "ஆங், இது நான்தான்" என்றார். இப்போது அது கல்யாண போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. ஆணி அடித்தது அப்பா.

அதன்பின் தெருவில் பதினோரு பேர் கேட்டுவிட்டார்கள். பிரிண்டுக்கு உண்டான பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொள்கிறேன். கேட்காமல் யாரையும் எடுப்பதில்லை. எடுத்தால் பிரிண்ட் கொடுக்காமல் இருப்பதுமில்லை.

ஆகவே நண்பர்களே, இந்த வாரம் வீட்டுக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் அம்மாவையோ அப்பாவையோ ஆயாவையோ நிழலில் உட்கார வைத்து, ஃபில்டர் இல்லாமல், முகத்துக்கு அளந்து ஒரு படம் எடுங்கள். பத்து ரூபாய் செலவழித்து பிரிண்ட் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள். இரண்டு ஆட்டை விட்டுவிட்டு நான் வாங்கிய கேமராவுக்கு அன்று கணக்கு நேரானது. உங்களுக்குப் பத்து ரூபாயிலேயே நேராகிவிடும்.

– இரண்டாம் ஆண்டு, கட்டடவியல் பிரிவு